முப்பத்தொன்றில் ஒன்று

பெர்ம்
1993 செப்டம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40 முதல் 8.15 வரை. தாவல்கள் முப்பத்தொன்று. ஒற்றைக் காலில் இறங்கியவை நான்கு. அந்த நான்கில் மூன்று சுற்றும் முழுதாக வந்தது ஒன்று.

ஸீனா அக்காவுக்கு வணக்கம். நான் நலம். உன் நலத்தைக் கேட்கப்போவதில்லை; கேட்டால் பொய் சொல்வாய்.

நீ ரயிலேறி மூன்று மணி நேரம் ஆகிறது. இன்று பனித்தளத்துக்குத் தண்ணீர் ஊற்றாமல் வைத்திருந்து, மண்டி போட்டு உன் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்குச் சறுக்கி ஆடத் தெரியாது. பனியை உறையவைக்கத் தெரியும், உன் சறுக்குக் காலணிகளின் கத்திகளைத் தீட்டத் தெரியும். இறங்கிய இடத்தில் கோடு கொக்கிபோல் வளைந்திருந்தால் சுற்று குறைவு, மிச்சத்தைத் தரையில் திருகி முடித்திருக்கிறாய் என்பதும் தெரியும். இன்று தளம் முழுக்கக் கொக்கி. மீன்பிடிக்கப் போகலாம்.

உனக்கு வயது முப்பது. ஆட்டத்தை விட்டு ஆறு வருடம். நீ பதக்கம் வாங்கியது தாவியதற்காக இல்லை, வட்டம் போட்டதற்காக. ஒரே வட்டத்தின் மேல் மூன்று முறை சறுக்கி மூன்று கோட்டையும் ஒன்றாகக் காட்ட உன்னை விட்டால் ஆளில்லை. அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். இனி லுட்ஸ்தான்: இடது காலில் பின்னோக்கிப் போய், வலது கத்தியின் நுனிப் பற்களால் பனியைக் குத்தி எழும்பி, மூன்று சுற்று சுற்றி, அதே வலது காலில் இறங்கவேண்டும். அந்த வலது காலின் இடுப்பு மூட்டு எப்படி இருக்கிறது என்று என் அலமாரியிலுள்ள எக்ஸ்ரே சொல்கிறது. தேர்வுக்குழு மருத்துவரிடம் நீ காட்டாத எக்ஸ்ரே. இன்னொரு முறை பலமாக விழுந்தால், பிறகு கம்பு ஊன்றித்தான் நடை என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

உன் பழைய பயிற்சியாளர் ஆர்க்காதி லுவோவிச் உன்னைத் திரும்ப ஆடக் கூப்பிட ஆகஸ்டில் நம் வீட்டுக்கு வந்து, உன் கையை முத்தமிட்டார். உதடு ஈரம். முத்தமிட்ட கையோடு உன்னை மேலும் கீழும் பார்த்து, "ஸீனோச்கா, உன் பின்பக்கம் உனக்கு முன்னாடியே பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்துடும்போல" என்றார். நீ சிரித்தாய்! எனக்கு ஏழு வயதில் ஒரு காட்சி நினைவிருக்கிறது. அவர் எடை பார்க்கும் நாள் காலையில் நீ சமையலறையில் உட்கார்ந்து ஜாம் ஜாடியில் துப்பிக்கொண்டிருந்தாய். "எச்சில் எவ்ளோ இருக்கும்க்கா?" என்று கேட்டேன். "நூறு கிராம்டா, பேசவைக்காதே, விழுங்கிடுவேன்" என்றாய். அதன்பின் இன்றுவரை நான் ஜாம் தொட்டதில்லை.

ஒப்பந்தம் இது. சின்ன வயதில் வட்டங்களை ஒப்பிட நாம் செய்த மாதிரி, காப்பியிங் பென்சிலைச் சுரண்டித் தூளைக் கோட்டின்மேல் தூவி, நீளமான ஈரத்தாளை வைத்து அழுத்து. ஊதா நிறத்தில் கோடு அப்படியே ஏறும். லுட்ஸ் இறங்கிய பத்துத் தாள்கள் எனக்கு வரவேண்டும். பத்தில் ஆறு முழுச் சுற்று என்றால் வாயை மூடிக்கொண்டு டிசம்பர் 18 தேர்வுப் போட்டிக்குப் பூங்கொத்தோடு வருகிறேன். இல்லையென்றால் எக்ஸ்ரே தேர்வுக்குழுவுக்குத் தபாலில் போகும்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

கிளெப்

*

பீட்டர்ஸ்பர்க்
செப்டம்பர் 22

அன்புத் தம்பி கிளெப், நலம். நீ கோபத்தோடு நலமாக இருப்பது கடிதத்தில் தெரிந்தது.

இங்கே பயிற்சி விடுதியில் எல்லாம் நன்றாக நடக்கிறது. செவ்வாய்தோறும் காலை ஐந்தரைக்கு எடை, தினமும் ஆறுக்குத் தளம். ஆர்க்காதி லுவோவிச் எங்கள் எல்லோரையும் சொந்தப் பிள்ளைகளாகப் பார்த்துக்கொள்கிறார். அம்மாக்கள் வந்தால் பிள்ளைகள் கெட்டுவிடும் என்று வாசலில் பட்டியல் தொங்குகிறது. அதில் பெயர் இல்லாதவர் யாரும் உள்ளே வரமுடியாது. கடிதம் எழுதினாலும் அவரே வாங்கித் தபாலில் சேர்க்கிறார், வருவதையும் அவரே கொண்டுவந்து தருகிறார். எவ்வளவு அக்கறை பார்.

என் அறையில் உஸ்தியா என்றொரு வாண்டு. பதின்மூன்று வயது. குங்கூர்க்காரி, நம் பக்கம்தான். அம்மா க்ளாவ்தியா அங்கே ரொட்டி ஆலையில் வேலை. வந்த அன்றே என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஸீனாக்கா, நீங்க டைனோசர் இருந்த காலத்துல ஆடினீங்களாமே?" என்றாள். "ஆமாண்டி, அதுங்க எல்லாம் அழகா வட்டம் போடும். தாவத்தான் வராது. அதான் செத்துப்போச்சு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

கஞ்சி நன்றாக இருக்கிறது. முத்தங்கள்.

ஸீனா

*

பெர்ம்
அக்டோபர் 1

அக்கா, நலம். தளத்தை உறையவைக்கும் கம்ப்ரஸர் மட்டும் இருமுகிறது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டைனோசர் இருக்கிறது, கஞ்சி இருக்கிறது. இடுப்பு எங்கே? லுட்ஸ் எங்கே? தாள்கள் எங்கே? மூன்று கேள்வி, மூன்றுக்கும் பதிலில்லை. அந்த ஆளை "அக்கறை" என்று எழுதியிருக்கிறாய். சாக்கடைக்குப் பூ வைத்ததுபோல் இருக்கிறது. பதக்கம் தலைக்கேறினால் எச்சில் ஜாடியும் தங்கக் கிண்ணமாகத் தெரியுமா?

மாதக் கடைசிக்குள் தாள். இல்லையென்றால் எக்ஸ்ரே.

நலமே விழைகிறேன், எப்போதும்போல்.

கிளெப்

*

பீட்டர்ஸ்பர்க்
அக்டோபர் 27

தம்பிக்கு, நலம்.

நீ கேட்ட பத்துத் தாள்கள் உள்ளே. மூன்று வாரத்தில் எடுத்தவை. மூலையில் தேதி போட்டிருக்கிறேன். வரிசை மாற்றாமல் பார். நன்றாகப் பார், கிளெப். நீ அளக்கிற ஆள்.

குளிர் வந்துவிட்டது. கழுத்தில் துணி சுற்றிக்கொள்.

ஸீனா

*

பெர்ம்
நவம்பர் 3

அக்காவுக்கு வணக்கம். நலம். உன் நலத்தை இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

இருபத்தாறு நாள் பதிலில்லாமல் இருந்தாய். எக்ஸ்ரேவுக்கு உறைகூட ஒட்டிவிட்டேன். பிறகு தாள்கள் வந்தன. கோணமானியை வைத்துப் பத்தையும் இரண்டு முறை அளந்தேன். எட்டில் கொக்கியே இல்லை. முழு மூன்று சுற்று. மற்ற இரண்டிலும் கால் சுற்றுக்கும் குறைவான பிசகு. பத்தில் எட்டு! செப்டம்பரில் முப்பத்தொன்றில் ஒன்று. எட்டு வாரத்தில் ஒரு மனித உடம்பால் இது முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் முகத்துக்கு நேரே சிரித்திருப்பேன்.

தோற்றேன். எனக்குப் பிடிக்காத சொல், அழுத்தி எழுதினேன், தாள் கிழிந்துவிட்டது. அந்த ஆளைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்கமாட்டேன். உன்னைப் பற்றி எழுதியதை வாங்கிக்கொள்கிறேன்.

இத்தனை தாவலுக்கு நுனிப் பற்கள் மழுங்கியிருக்கும். கத்திகளைக் கழற்றி அனுப்பு. அங்கே யாரிடமும் கொடுத்துவிடாதே. வலது கத்தியின் வெளி விளிம்பில், குதிகாலுக்கு முன்னால், அந்தப் பழைய காயம் இருக்கிறதல்லவா? அதை எடுக்கப்போனால் பாதிக் கத்தி போய்விடும். அந்த இடத்தை விட்டுத் தீட்ட எனக்குத்தான் தெரியும்.

கிளெப்

*

பீட்டர்ஸ்பர்க்
நவம்பர் 10

பெருமதிப்புக்குரிய கிளெப் நிகலாயவிச் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் பணியும் நலம் என்று நம்புகிறேன். தங்கள் அக்கா நலம். நான்கு கிலோ குறைந்திருக்கிறார். குழந்தைபோலத் தாவுகிறார், தாங்களே அளந்து பார்த்து மகிழ்ந்தீர்கள் என அறிகிறேன்.

தங்களிடம் ஏதோ பழைய எக்ஸ்ரே ஒன்று இருப்பதாகவும் அறிகிறேன். இளம் வயதில் கோபம் இயல்பு. அது தவறான கைகளுக்குப் போனால் பாவம், ஸினாயிதாவின் கனவுதான் நொறுங்கும். எனக்கே அனுப்பிவிடுங்கள். என் மேசையில் பத்திரமாக இருக்கும். ஒரு தகப்பன் இடத்திலிருந்து கேட்கிறேன்.

தங்கள் கைகளை அன்போடு பற்றி விடைபெறும்
ஆர்க்காதி லுவோவிச்

*

பீட்டர்ஸ்பர்க்
நவம்பர் 13

தம்பி, நலம். கத்திகள் இதோடு வருகின்றன. அவசரமில்லை. பழைய ஜோடியை மாட்டிச் சமாளிக்கிறேன்.

தீட்டும்போது ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்.

முத்தங்கள்.

ஸீனா

*

பெர்ம்
நவம்பர் 21

ஸினாயிதா நிகலாயவ்னா,

நலம் விசாரிப்பு கிடையாது.

கத்திகளை வெளிச்சத்தில் பிடித்தேன். வலது கத்தியின் நுனிப் பற்களில், ஆகஸ்டு கடைசியில் நான் அரம் போட்ட கோடுகள் அப்படியே இருக்கின்றன. நீ போகும் காலையில் தாவிய முப்பத்தொன்றின் சிராய்ப்பு மட்டும் மேலே. அதற்குமேல் ஒரு குத்துகூட இல்லை. பத்து வாரத்தில் நீ ஒரே ஒரு லுட்ஸ்கூடத் தாவவில்லை.

ஆனால் விளிம்புகள் தேய்ந்திருக்கின்றன. உள் விளிம்பு, வெளி விளிம்பு, இரண்டும் ஒரே அளவில், கத்தியின் நடுவில். வட்டம் போட்டால் மட்டும்தான் அப்படித் தேயும். ஒழித்துக்கட்டப்பட்ட ஓர் ஆட்டத்தை மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருக்கிறாய்.

பிறகு தாள்களை எடுத்தேன். உன் வலது காலின் கோட்டில் அந்தக் காயம் மயிரிழைபோல ஒரு வெள்ளைக் கீற்றை விட்டுப்போகும். பத்துத் தாளிலும் கீற்று இல்லை. அது உன் காலே இல்லை. கோட்டின் அழுத்தத்தைப் பார்த்தால் முப்பது கிலோகூட இருக்காத ஒரு பிள்ளை. யார், அந்த வாண்டா? அவள் தாவ, நீ தாளை வைத்து அழுத்த, நான் இங்கே அடுப்பை அணைத்துவிட்டு (சூட்டில் தாள் சுருங்கும் என்று) குளிரில் உட்கார்ந்து அளந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். அந்த ஆள் அதைப் படித்து எனக்குப் பாராட்டு அனுப்புகிறார்! என் அளவுகோலை நீங்கள் இருவருமாக எச்சில் ஜாடியில் முக்கி எடுத்ததுபோல் இருக்கிறது.

அவர் பொய் சொல்வது எனக்கு அருவருப்பு. பழகிவிட்டது. நீ சொன்னது வேறு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், போகவில்லை.

டிசம்பர் மூன்றாம் தேதி எக்ஸ்ரே தேர்வுக்குழுவுக்குப் போகும். அதற்குள் காரணம் ஏதாவது இருந்தால் எழுது. இருக்காது.

கிளெப்

*

பீட்டர்ஸ்பர்க்
நவம்பர் 29

கிளெப்,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். பெர்ம் வண்டியின் பெட்டி நடத்துனர் ராயாவிடம் கையில் கொடுத்தனுப்புகிறேன். மற்றதையெல்லாம் அவர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறார், பிரித்துப் படித்துவிட்டுத்தான் தருகிறார். எக்ஸ்ரே பற்றி அவருக்கு யார் சொன்னார்கள் என்று யோசித்தாயா? நீதான், உன் முதல் கடிதத்தில். உன் கடைசிக் கடிதத்தை நேற்று எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தார். "உன் தம்பி நல்ல எஞ்சினியர்டி, கத்தியைப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டான்" என்றார்.

அவருக்கு என் தாவல் வேண்டாம். என் பெயர் வேண்டும். பதக்கக்காரி திரும்பி வருகிறாள் என்று சொல்லித்தான் காலை மூன்று மணி நேரம் தளத்தை வாங்கியிருக்கிறார். அவருடைய பந்தயக் குதிரை உஸ்தியா. நான் ஆசையோடுதான் வந்தேன், அதை மறைக்கமாட்டேன். மூன்றாம் நாள் தெரிந்துவிட்டது. போகலாம் என்று பெட்டியைக் கட்டினேன். நாலாம் நாள் விடிகாலை கண் விழித்தால் அந்தப் பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து ஜாடியில் துப்பிக்கொண்டிருக்கிறாள். "எவ்ளோ இருக்கும்க்கா?" என்கிறாள். நூறு கிராம் என்று என் வாய் தானாகச் சொன்னது. பெட்டியை அவிழ்த்தேன்.

எடைக்கு இரண்டு நாள் முன்பிருந்து தண்ணீர் கிடையாது. குளியலறைக் குழாயின் பிடியைக் கழற்றித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். நான் அவித்த முட்டையைக் காலணிக்குள் வைத்துக் கொண்டுபோகிறேன். தளத்தின் தூரத்து மூலையில் நான் வட்டம் போடுவேன். அவள் இளைப்பாற வருவதுபோல் வந்து தின்பாள். "உன் கால் நாத்தம் முட்டைல அடிக்குதுக்கா" என்று சொல்லிக்கொண்டே இரண்டு விழுங்கில் போய்விடும். சிரிப்பாள். காலணி மாட்டும்போது சிரிக்கமாட்டாள்; சுவரைப் பிடித்துக்கொள்வாள். வலி வலது இடுப்பில். எனக்கு எங்கே வலித்ததோ அதே இடம்.

க்ளாவ்தியாவுக்கு ஒருநாள் தந்தி ஆபீசிலிருந்து போன் போட்டேன். "எம்பொண்ணு வாரா வாரம் நல்லா இருக்கேன்னு எழுதுறா. நீங்க பழைய ஆளு, உங்களுக்குப் பொறாமை" என்று வைத்துவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. நம் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

தாள்கள் பொய் என்று எழுதியிருக்கிறாய். அது என் கால் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. லுட்ஸ் தாள் கேட்டாய், லுட்ஸ் தாள் அனுப்பினேன். உன் வாயை அடைக்கத்தான் இந்த வேலை என்று அவர் நினைத்தார், அனுப்பவிட்டார். வரிசை மாற்றாதே, நன்றாகப் பார் என்று உனக்கு எழுதினேன். அதற்குமேல் அவர் கண்முன்னால் நான் எப்படி எழுதுவது? நீ கோணத்தை அளந்தாய். எல்லோரும் அதைத்தான் அளக்கிறார்கள். இறங்கிய பிறகு என்ன ஆகிறது என்று பார்.

நீ எக்ஸ்ரேவை அனுப்பினால் அன்று சாயங்காலமே பட்டியலில் என் பெயர் இருக்காது. அனுப்பாவிட்டால் பதினெட்டாம் தேதி இறங்கி, தாவி, விழுவேன். ஜனம் சிரிக்கும். இடுப்பு போனால் போகட்டும். அதுவரைக்கும் அவள் பக்கத்தில் ஒருத்தி இருப்பாள். அதற்கப்புறம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

கம்ப்ரஸர் எப்படி இருக்கிறது என்று கேட்காமல் முடித்தால் கோபித்துக்கொள்வாய். எப்படி இருக்கிறது?

உன் அக்கா

*

பெர்ம்
டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை, பகல் 2.10. தாள்கள் பத்து.

அக்கா,

கம்ப்ரஸர் நலம். நான் நலமில்லை.

தாள்களைத் தேதி வரிசையில் தரையில் விரித்தேன். கோணமானியைத் தொடவில்லை. நூலைக் கோட்டின்மேல் வைத்து, இறங்கிய புள்ளியிலிருந்து அந்தக் கால் எவ்வளவு தூரம் தாங்குகிறது, இன்னொரு கால் எங்கே ஊன்றுகிறது என்று பார்த்தேன். முதல் தாளில் ஐந்து சாண். நாலாவதில் நாலு. ஏழாவதில் மூன்றுக்கும் குறைவு. பத்தாவதில் ஒன்றரைச் சாணில் கோடு நடுங்கி, பக்கத்தில் இன்னொரு கால் விழுந்திருக்கிறது. மூன்று வாரத்தில். சுற்று முழுசு, கொக்கி இல்லை. நான் "எட்டு" என்று வட்டம் போட்டு மகிழ்ந்த தாள்களில் அதுவும் ஒன்று. ஒரு பிள்ளையின் இடுப்பு உடைந்துகொண்டிருந்ததை அளவுகோலும் கையுமாகப் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அந்த ஆளிடமிருந்து என்னைப் பிரிக்கிற தூரத்தையும் அளந்து பார்த்தேன். ஒன்றரைச் சாண்கூட இல்லை.

உன்னைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. நேரமில்லை. ராயாவின் வண்டி 5.20க்குத் திரும்புகிறது. நான் செய்யப்போவது:

1. நாளை சனிக்கிழமை காலை 6.10 உள்ளூர் வண்டியில் குங்கூர். ரொட்டி ஆலை வாசலில் ஷிப்ட் முடியும்வரை நிற்பேன்.

2. க்ளாவ்தியாவின் முன்னால் பத்துத் தாளையும் வரிசையாக விரிப்பேன். பேச்சு எனக்கு வராது, வந்தால் கெட்டதாக வரும். ஆகவே நூலை அவர் கையில் கொடுத்து அவரையே அளக்கச் சொல்வேன்.

3. பிறகு உன் எக்ஸ்ரேவை ஜன்னலில் பிடிப்பேன். யாருடையது என்று கேட்டால், என் அக்காவுடையது, எங்கள் அம்மாவும் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பினாள் என்பேன். தேர்வுக்குழுவுக்கு எழுதிய உறையைக் கிழித்தாயிற்று.

4. ஞாயிறு மாலை வண்டியில் அவரும் நானும். செவ்வாய் காலை ஐந்தரை எடைக்கு முன்னால் வாசலில் இருப்போம். காவலாளி பட்டியலைக் காட்டினால், பெற்றவளின் பாஸ்போர்ட்டை அதன்மேல் வைப்போம்; உஸ்தியாவும் நீயும் எங்களோடு வெளியே வருவீர்கள். வரமாட்டேன் என்று அவர் சொன்னால், குங்கூர் வாசலிலேயே நிற்பேன், சொல்லும்வரை.

5. அதுவரை நீ பட்டியலில் இரு. முட்டை நிற்கக்கூடாது. இரண்டாகக் கொடு.

6. ஆர்க்காதி லுவோவிச் கை நீட்டுவார். என் கை பையில் இருக்கும். குழாயின் பிடியை மட்டும் கேட்டு வாங்குவேன்.

7. உன் கத்திகள் என் பையில் வருகின்றன. நேற்று இரண்டிலும் நுனிப் பற்களை முழுதாக அரைத்து எடுத்துவிட்டேன். இனி அவற்றில் யாராலும் தாவமுடியாது. கோபித்துக்கொள், திரும்ப ஒட்டவைக்க முடியாது. வட்டம் போடலாம்.

8. 12ஆம் தேதி ஞாயிறு, காலை 6.40. இங்கே புதுத் தண்ணீர் ஊற்றி உறையவைத்திருப்பேன், ஒரு கோடுகூட இல்லாமல். நீ இறங்கு. நான் எண்ணமாட்டேன்.

கிளெப்